மெயின்ஃபிரேமுக்குள் ஓடும் லேன்: வேகத்தை எங்கே நின்று அளப்பது?

"நெட்வொர்க் ஸ்லோ" என்று ஒரு டிக்கெட் விழுந்தால் மெயின்ஃபிரேம் குழுவில் வழக்கமாக என்ன நடக்கும்? டிக்கெட்டை நெட்வொர்க் குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள். அவர்கள் சுவிட்சின் கிராஃபைப் பார்த்துவிட்டு, "எங்கள் பக்கம் சுத்தம், போர்ட்டில் லோடே இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் சொல்வதில் பொய் கிடையாது. ஆனால் மெயின்ஃபிரேமின் லேன் போக்குவரத்தில் கணிசமான பகுதி அந்த சுவிட்சின் வாசலை மிதிக்காமலே போய்விடலாம். வெளியே நின்று அளப்பவர் கண்ணில் அது எப்படிப் படும்?

மெயின்ஃபிரேம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும்தான். அந்தத் திரை இன்னும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் ஓடுவது இப்போது பெரும்பாலும் டிசிபி/ஐபிதான். ஏடிஎம் கோரிக்கை, மொபைல் ஆப்பின் பேலன்ஸ் விசாரணை, இரவு நேர ஃபைல் பரிமாற்றம் எல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஐபிஎம்மின் இசட் வரிசை மெயின்ஃபிரேமில், இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில், இந்தப் போக்குவரத்தை அளக்க என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எது எதைச் சொல்லும், எது எதைச் சொல்லாது என்பதைப் பார்ப்போம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சென்னை ஓஎம்ஆர் சாலையில் வெளிநாட்டு வங்கிகளின் மெயின்ஃபிரேமை இரவு ஷிப்டில் பார்த்துக்கொள்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

வயர் இல்லாத லேன்

ஒரு மெயின்ஃபிரேம் பெட்டிக்குள் பல எல்பார்கள் இருக்கும். எல்பார் என்பது அந்தப் பெட்டியின் சிபியுவையும் நினைவகத்தையும் பங்கு பிரித்து உருவாக்கிய தனிக் கணினி. ஒவ்வொன்றிலும் தனித்தனி இயங்குதளம் ஓடும். ஒன்றில் இசட்/ஓஎஸ், பக்கத்தில் லினக்ஸ் என்பது இன்று சாதாரணம். இந்த இரண்டும் தங்களுக்குள் பேச வேண்டுமானால் அதற்குப் பல வழிகள் உண்டு.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. பெட்டியில் ஓஎஸ்ஏ என்ற நெட்வொர்க் கார்டு இருக்கிறது. பாக்கெட் அதன் வழியாக வெளியே போய், சுவிட்சில் ஏறி இறங்கி, இன்னொரு கார்டு வழியாக உள்ளே வரும். 1999-ல் வந்த ஓஎஸ்ஏ எக்ஸ்பிரஸிலிருந்து இந்தக் கார்டு க்யூடிஐஓ என்ற முறையில் நினைவகத்திலுள்ள வரிசைகளோடு நேரடியாகப் பேசுகிறது. இப்போது 10 கிகாபிட், 25 கிகாபிட் கார்டுகள் புழக்கத்தில் இருக்கின்றன.

இரண்டாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே ஓஎஸ்ஏ கார்டின் போர்ட்டை இரண்டு எல்பார்கள் பங்கிட்டுக்கொண்டால், அவற்றுக்கு இடையிலான பாக்கெட்டை அந்தக் கார்டே உள்ளுக்குள் திருப்பிவிடும். அது வயருக்கே வராது. சுவிட்சின் கிராஃபில் ஒரு பைட்கூட ஏறாது. ஆனால் கார்டின் சக்தி செலவாகிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாவது, 2001-ல் இசட்900 இயந்திரத்தோடு வந்த ஹைப்பர்சாக்கெட்ஸ். இதில் கார்டும் கிடையாது, வயரும் கிடையாது. அனுப்பும் எல்பாரின் நினைவகத்திலிருந்து வாங்கும் எல்பாரின் நினைவகத்துக்கு டேட்டாவை நகலெடுத்துப் போடுகிறது பெட்டியின் ஃபர்ம்வேர். டிசிபி/ஐபிக்கு அது சாதாரண லேன் போலவே தெரியும், ஐபி முகவரியும் உண்டு. எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 8, 16, 32, 56 கிலோபைட் என்று பெரிது பெரிதாக வைத்துக்கொள்ளலாம். நகலெடுக்கும் வேலை அனுப்புபவரின் சிபியு கணக்கில் விழுகிறது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இவை போதாதென்று எஸ்எம்சி என்ற குடும்பமும் சேர்ந்திருக்கிறது. எஸ்எம்சி-ஆர் 2013-லும் எஸ்எம்சி-டி 2016-லும் வந்தன. இணைப்பு டிசிபியில்தான் தொடங்கும். இருபக்கமும் ஒத்துக்கொண்டால் அதன் பிறகு டேட்டா டிசிபி அடுக்கைத் தாண்டி நேரடியாக நினைவகத்துக்கு நினைவகம் போய்விடும். அளப்பவருக்கு இது ஒரு பொறி. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, அந்த மூன்று வழிகளில் சுவிட்சில் நின்று அளப்பவர் முதலாவதை மட்டுமே பார்க்கிறார். மற்றவற்றை உள்ளே இருந்துதான் அளக்க வேண்டும். அதற்கான கருவிகளில் பெரும்பாலானவை இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகின்றன.

அளக்க வேண்டியது எதை?

போய்வரும் நேரம், நொடிக்கு எத்தனை மெகாபைட், திரும்ப அனுப்ப வேண்டிவந்த பாக்கெட் எத்தனை. இந்த மூன்றும் எந்த நெட்வொர்க்குக்கும் பொது. மெயின்ஃபிரேமில் நான்காவது ஒன்று உண்டு: ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் எவ்வளவு சிபியு செலவு? ஐபிஎம் மென்பொருள்கள் பலவற்றின் மாதக் கட்டணம், நான்கு மணி நேர நகரும் சராசரி சிபியு பயன்பாட்டின் உச்சத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதனால் "வேகமாகப் போகிறதா?" என்ற கேள்வியோடு "என்ன விலைக்குப் போகிறது?" என்பதும் சேர்ந்தே வரும்.

இந்த இழுபறியை ஓஎஸ்ஏ கார்டுக்கான ஒரு அமைப்பிலேயே பார்க்கலாம். இன்பர்ஃப் என்பது அதன் பெயர். வெளியிலிருந்து பாக்கெட் வந்ததும் கார்டு உடனே சிபியுவைத் தட்டி எழுப்பலாம். கொஞ்சம் பொறுத்து, பல பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே தடவை எழுப்பலாம். முதலாவதில் தாமதம் குறையும், சிபியு செலவு கூடும். இரண்டாவதில் நேர்மாறு. மின்லேட்டன்சி, மின்சிபியு, பேலன்ஸ்டு என்று நிலையான மூன்று தேர்வுகளும், போக்குவரத்தைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் டைனமிக் என்ற தேர்வும் இருக்கின்றன. என் வாக்கு டைனமிக்குக்கே. எதை வைத்தாலும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் தாமதத்தையும் சிபியுவையும் சேர்த்து அளந்து வையுங்கள். ஒன்றை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பிங்

எல்லோரும் முதலில் அடிக்கும் கட்டளை பிங். டிஎஸ்ஓ என்ற கட்டளைத் திரையில் அடித்தால் ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை விநாடி ஆனது என்று மூன்று தசம இடங்களோடு சொல்லும். அதாவது மில்லிவிநாடிக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. ஹைப்பர்சாக்கெட்ஸ் வழியாகப் பிங் அடித்துவிட்டு 0.000 என்று வருவதைப் பார்த்து மகிழ்ச்சி அடைபவர்கள் உண்டு. அதற்குப் பொருள் "ஒரு மில்லிவிநாடியைத் தொடவில்லை" என்பது மட்டுமே. இரண்டு உள்வழிகளில் எது வேகம் என்று ஒப்பிட அது உதவாது.

பிங்கை வைத்து உருப்படியாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஓஎஸ்ஏ கார்டில் எம்டியு 1492 அல்லது ஜம்போ ஃபிரேமுக்கு 8992 என்று இருக்கும். மெயின்ஃபிரேமில் 8992 வைத்துவிட்டு, நடுவில் ஒரு சுவிட்சில் ஜம்போவை இயக்க மறந்துவிட்டால் வினோதமான நிலை உருவாகலாம்: சின்னப் பிங் போகும், லாகின் ஆகும், பெரிய ஃபைல் மட்டும் நடுவழியில் நின்றுவிடும். பிங்கின் நீளத்தை 8000 பைட்டுக்கு மேல் வைத்து, துண்டாக்கக் கூடாது என்ற பிஎம்டியு விருப்பத்தையும் சேர்த்து அடித்தால் குட்டு உடைந்துவிடும். மற்றபடி, வழியிலுள்ள ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருப்பது சகஜம். ஆகவே பிங் தாமதத்தை அப்படியே பயன்பாட்டின் தாமதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நெட்ஸ்டாட்: கையில் இருக்கும் முதல் கருவி

என்னைக் கேட்டால், புதிதாக வருபவர் முதல் வாரத்தில் பழக வேண்டியது நெட்ஸ்டாட். டிஎஸ்ஓவிலும் அடிக்கலாம், யுனிக்ஸ் ஷெல்லிலும் அடிக்கலாம், ஆபரேட்டர் கன்சோலிலிருந்தும் கேட்கலாம். காசு கிடையாது, ஆபத்தும் கிடையாது.

நெட்ஸ்டாட் டெவ்லிங்க்ஸ் என்று கேட்டால் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் வந்த பைட், போன பைட், பிழையான பாக்கெட், தூக்கி எறியப்பட்ட பாக்கெட் எல்லாம் வரும். இவை ஓடிக்கொண்டே இருக்கும் கூட்டுத்தொகை. மின்சார மீட்டரைப் போலத்தான்: இன்றைய ரீடிங்கை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது, முந்தைய ரீடிங்கைக் கழிக்க வேண்டும். 10 மணிக்கு ஒரு தடவையும் 10:05-க்கு ஒரு தடவையும் எடுத்துக் கழித்ததில் 18,000 மெகாபைட் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 300 விநாடியால் வகுத்தால் நொடிக்கு 60 மெகாபைட். 10 கிகாபிட் கார்டின் கோட்பாட்டு எல்லை நொடிக்கு 1,250 மெகாபைட் என்பதால், இது ஐந்து சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் பத்து விநாடி மட்டும் கார்டு மூச்சுத் திணறியிருந்தால் சராசரியில் அது காணாமல் போய்விடும். தூக்கி எறியப்பட்ட பாக்கெட்டின் எண்ணிக்கை அதே ஐந்து நிமிடத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் அந்தத் திணறலின் தடயம் கிடைக்கலாம்.

இதைவிடச் சுவையானது நெட்ஸ்டாட் ஆல். ஒவ்வொரு டிசிபி இணைப்பையும் பிரித்து மேய்ந்து காட்டும். அந்த இணைப்பின் சராசரி போய்வரும் நேரம், அதன் ஏற்ற இறக்கம், எத்தனை தடவை திரும்ப அனுப்பப்பட்டது, ஒரே ஒப்புதல் எத்தனை தடவை வந்தது, பஃபரின் அளவு எல்லாம் ஒரு பக்கத்துக்கு வரும். இந்தப் போய்வரும் நேரம் பிங்கைவிட நம்பகமானது. உண்மையான வேலையின் உண்மையான பாக்கெட்டுகளை வைத்து டிசிபியே கணக்கிட்டது.

அந்தப் பக்கத்தில் இரண்டு எண்களை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். ஒன்று, வந்து காத்திருக்கும் டேட்டா. மற்றொன்று, அனுப்பக் காத்திருக்கும் டேட்டா. முதல் எண் பெரிதாக, குறையாமல் நின்றால் நெட்வொர்க் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். டேட்டா வாசலில் கிடக்கிறது, உள்ளே இருக்கும் பயன்பாடுதான் எடுக்கவில்லை. டிக்கெட் அந்தப் பயன்பாட்டுக் குழுவுக்குப் போக வேண்டும். இரண்டாவது எண் பெரிதாக நின்றால், எதிர்ப்பக்கம் வாங்க மறுக்கிறது அல்லது வழியில் எங்கோ சிக்கல். திரும்ப அனுப்பிய எண்ணிக்கையும் சேர்ந்து ஏறினால் வழிதான் கெட்டிருக்கிறது. அது ஏறாமல், எதிர்ப்பக்கம் திறந்துவைத்திருக்கும் ஜன்னல் மட்டும் பூஜ்ஜியத்துக்குச் சுருங்கியிருந்தால், எதிர்ப்பக்கத்துச் சர்வர் திணறுகிறது.

பஃபர் அளவுக்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒப்புதல் வராமல் டிசிபி அனுப்பக்கூடிய டேட்டா, பஃபர் அளவைத் தாண்டாது. 64 கிலோபைட் பஃபர், போய்வர ஒரு மில்லிவிநாடி என்றால் நொடிக்குச் சுமார் 64 மெகாபைட்தான் எல்லை. அதே பஃபரோடு ஐந்து மில்லிவிநாடி ஆனால் 13 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். கார்டை 10-லிருந்து 25 கிகாபிட்டுக்கு மாற்றினாலும் இந்த இணைப்பு ஒரு அங்குலம்கூட வேகமாகாது. வாங்கும் பஃபரை 64 கிலோபைட்டுக்குக் குறையாமல் வைத்திருந்தால், தேவைப்படும் இடத்தில் இசட்/ஓஎஸ் தானே அதை 2 மெகாபைட் வரை பெருக்கிக்கொள்ளும். பழைய டிசிபி/ஐபி ப்ரொஃபைலில் (அமைப்புக் கோப்பில்) யாரோ 16 கிலோபைட் என்று எழுதிவைத்ததை அப்படியே தலைமுறை தலைமுறையாக நகலெடுத்து வரும் இடங்களில் இந்த வசதி தூங்கிக்கொண்டிருக்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

போய்வரும் நேரம் ஏறிவிட்டது, ஆனால் பாக்கெட் எதுவும் தொலையவில்லை, கார்டும் காலியாக இருக்கிறது. அப்போது எங்கே பார்ப்பது? சிபியுவைப் பாருங்கள். டிசிபி/ஐபியும் மற்றவற்றைப் போல ஒரு நிரல்தான். அதற்குச் சிபியு கிடைக்காவிட்டால் வந்த பாக்கெட்டுக்கு ஒப்புதல் சொல்லத் தாமதமாகும், எதிர்ப்பக்கத்துக்கு அது நெட்வொர்க் தாமதமாகத் தெரியும். எல்பாரின் பங்கு தீர்ந்து, பக்கத்து எல்பார் சிபியுவை அள்ளிக்கொண்டிருக்கும் மாதக் கடைசியில் இது நடக்கலாம். டிசிபி/ஐபியை எஸ்ஒய்எஸ்எஸ்டிசி என்ற உயர் முன்னுரிமை வகுப்பில் வைக்கச் சொல்வது அதனால்தான்.

இதைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஆர்எம்எஃப். மெயின்ஃபிரேமின் சிபியு, நினைவகம், டிஸ்க், சேனல் எல்லாவற்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பதிவு செய்யும் பழைய, நம்பகமான ஆள். நெட்வொர்க்காரர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது அதன் சேனல் அறிக்கையில் இருக்கிறது. ஓஎஸ்ஏ கார்டு அந்த அறிக்கையில் ஒரு சேனலாகவே வரும்: உங்கள் எல்பார் எவ்வளவு படித்தது, எவ்வளவு எழுதியது, எல்லா எல்பாரும் சேர்ந்து எவ்வளவு என்று தனித்தனிக் கட்டங்களில். கார்டுக்குள்ளேயே திரும்பிவிடும் இரண்டாவது வழிப் போக்குவரத்தைப் பிடிக்க இங்கேதான் வர வேண்டும். உங்கள் பங்கு சொற்பம், மொத்தம் உச்சம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ கார்டை நிரப்புகிறார்.

ஹைப்பர்சாக்கெட்ஸுக்கும் அதே அறிக்கையில் வரி உண்டு. நொடிக்கு எத்தனை செய்தி, ஒரு செய்தியின் சராசரி அளவு என்ன, எத்தனை அனுப்புதல் தோற்றது, எத்தனை வாங்குதல் தோற்றது. இந்தத் தோல்விக் கட்டங்கள் எப்போதும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஏறினால், வாங்கும் எல்பார் போதிய பஃபரைத் திறந்துவைக்கவில்லை, அல்லது அதற்குச் சிபியு கிடைக்காமல் பஃபரைக் காலி செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். வயரே இல்லாத லேனில் பாக்கெட் எப்படித் தொலையும் என்று வாதிடுபவர்களிடம் காட்ட இந்த ஒரு வரி போதும்.

விடிஏஎம் என்ற நெட்வொர்க் மென்பொருளில் டிஎன்ஸ்டாட் என்ற புள்ளிவிவரமும் இருக்கிறது. ஓஎஸ்ஏவோடு பேசும் வேலையைக் கீழே செய்வது விடிஏஎம்தான் என்பதால், வரிசையில் சராசரியாக எத்தனை காத்திருந்தன, உச்சமாக எத்தனை என்பதுவரை அது சொல்லும். ஆழமான நோய்க்கு மட்டும் அங்கே போனால் போதும்.

நேற்று இரவு நடந்ததை இன்று பார்ப்பது

நெட்ஸ்டாட் இந்த நொடியைக் காட்டும். "நேற்று இரவு இரண்டரைக்கு ஸ்லோவாக இருந்தது" என்ற புகாருக்கு அதனால் பயனில்லை. அதற்குத்தான் எஸ்எம்எஃப். இசட்/ஓஎஸ்ஸில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பதிவு உண்டு. ஆர்எம்எஃபின் சேனல் பதிவு 73. டிசிபி/ஐபியின் பதிவு 119. முன்பு 118 இருந்தது, இப்போது பார்க்க வேண்டியது 119 மட்டுமே.

119-க்குள் உட்பிரிவுகள். 5 மொத்த டிசிபி/ஐபி புள்ளிவிவரம், 6 இன்டர்ஃபேஸ் வாரியாக, 7 சர்வர் போர்ட் வாரியாக. இவை இடைவெளிப் பதிவுகள், இடம் அதிகம் பிடிக்காது. 2 என்பது இணைப்பு முடியும்போது எழுதப்படுவது: எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எத்தனை பைட், எத்தனை தடவை திரும்ப அனுப்பியது, போய்வரும் நேரம் என்ன. ஒரு இணைப்பின் முழு ஜாதகம். நொடிக்கு ஆயிரக்கணக்கில் குட்டி இணைப்புகள் வந்து போகும் இடத்தில் இதை இயக்கினால் பதிவு வெள்ளமாகிவிடும். அதனால் பலர் அணைத்துவைக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் இடைவெளிப் பதிவுகளையும் சேர்த்து அணைத்துவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. எஃப்டிபி பரிமாற்றத்துக்கும் தனி உட்பிரிவுகள் உண்டு: நாம் கிளையன்டாக இருந்தால் 3, சர்வராக இருந்தால் 70. இரவு ஃபைல் ஒவ்வொன்றும் எத்தனை பைட், எத்தனை விநாடி என்று மாதக் கணக்கில் வரிசைப்படுத்திப் பார்த்தால், எந்த நாளிலிருந்து மெதுவானது என்று விரல் வைத்துச் சொல்லலாம்.

பச்சைத் திரைக்காரர்களுக்கு இன்னொரு வசதி. 1980-களிலேயே 3274, 3174 கன்ட்ரோலர்களில் ஆர்டிஎம் என்ற அம்சம் இருந்தது. என்டர் தட்டியதிலிருந்து பதில் வரும் வரை எத்தனை நேரம் என்று எண்ணி வைக்கும். இன்றைய டிஎன்3270 சர்வரில் மானிட்டர்குரூப் என்று அமைத்தால் அதே அளவு கிடைக்கிறது, ஒரு படி மேலே போய். மொத்த நேரத்தில் ஐபி பக்கம் எவ்வளவு, மெயின்ஃபிரேமுக்குள் எவ்வளவு என்று பிரித்தே கொடுக்கும். யார் பக்கம் தாமதம் என்ற சண்டையை இது ஒரே வரியில் முடித்துவைக்கும். இவ்வளவு நல்ல வசதியை அமைத்துவைத்திருக்கும் இடங்கள் குறைவு என்பதே என் எண்ணம்.

200 மில்லிவிநாடி மர்மம்

எல்லாக் கருவியும் "நலம்" என்று சொல்லியும் பயன்பாடு மெதுவாக ஓடும் ஒரு வகை உண்டு. பிங் 0.000. திரும்ப அனுப்பியது பூஜ்ஜியம். கார்டு காலி, சிபியு தாராளம். ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் வர 0.2 விநாடியும் கொஞ்சமும் ஆகிறது. எப்போதும் அதே 0.2. இயற்கையான நெரிசல் இப்படி ஒரே அளவில் வராது. ஒரே அளவில் வரும் தாமதத்துக்குப் பின்னால் ஒரு டைமர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஃபோர்டு ஏரோஸ்பேஸில் பணியாற்றிய ஜான் நேகிள் 1984-ல் ஒரு விதியை முன்மொழிந்தார்: முன்னால் அனுப்பியதற்கு ஒப்புதல் வரும் வரை சின்னத் துண்டை அனுப்பாமல் சேர்த்துவை. நல்ல விதி, குட்டிப் பாக்கெட்டுகளின் கூட்டத்தைக் குறைக்கும். மறுபக்கம் இன்னொரு நல்ல விதி: ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் உடனே ஒப்புதல் அனுப்பாதே, கொஞ்சம் பொறு, பதில் டேட்டாவோடு சேர்த்து அனுப்பலாம். இசட்/ஓஎஸ்ஸில் இந்தப் பொறுமையின் எல்லை 200 மில்லிவிநாடி. இப்போது ஒரு பயன்பாடு தன் கோரிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதுகிறது, முதலில் சின்னத் தலைப்பு, பிறகு சின்ன உடல். தலைப்பு போய்விட்டது. உடல், ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. எதிர்ப்பக்கமோ, முழுக் கோரிக்கை வராததால் பதில் சொல்ல எதுவுமில்லாமல் ஒப்புதலைப் பிடித்துவைத்திருக்கிறது. இருவரும் மரியாதையாகக் காத்திருக்க, டைமர் அடிக்கும்போதுதான் விஷயம் நகர்கிறது.

தீர்வு எளிது. பயன்பாட்டில் நேகிளை அணைக்கலாம், அல்லது இரண்டு துண்டுகளையும் ஒரே தடவையில் எழுதலாம், அல்லது அந்த போர்ட்டுக்கு மட்டும் ஒப்புதல் தாமதத்தை நிறுத்தலாம். கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் எந்தக் கூட்டுத்தொகையிலும் இது ஏறாது. இதற்குப் பாக்கெட் ட்ரேஸ் வேண்டும்.

இசட்/ஓஎஸ்ஸின் பாக்கெட் ட்ரேஸ், கம்பொனன்ட் ட்ரேஸ் வழியாக எடுக்கப்படுவது. எஸ்ஒய்எஸ்டிசிபிடிஏ என்ற பெயரில் இயக்கி, ஐபிசிஎஸ் என்ற ஆய்வுக் கருவியில் பிரித்துப் படிக்கலாம். அதே ஐபிசிஎஸ்ஸிலிருந்து ஸ்னிஃபர் வடிவத்தில் வெளியே எடுத்தால் லேப்டாப்பில் வயர்ஷார்க்கில் திறந்துவிடலாம். ஐபி, போர்ட் வடிகட்டி போடாமல் இயக்காதீர்கள்: பஃபர் நிரம்பிச் சுற்றி, உங்களுக்கு வேண்டிய அந்த இரண்டு நிமிடம் அழிந்துபோயிருக்கும். சிபியுவும் வீணாகும். தலைப்புப் பகுதி மட்டும் போதும் என்று பாக்கெட்டைச் சுருக்கி எடுக்கும் வசதியும் உண்டு. வாடிக்கையாளரின் டேட்டா உள்ளே இருக்கும் என்பதால் அதைப் பயன்படுத்துவது நல்லது, எடுப்பதற்கு முன் அனுமதி வாங்குவது கட்டாயம்.

ட்ரேஸ், டிசிபி/ஐபி அடுக்கிலேயே எடுக்கப்படுவதால் ஹைப்பர்சாக்கெட்ஸ் பாக்கெட்டும் கார்டுக்குள் திரும்பும் பாக்கெட்டும் அதில் விழும். எஸ்எம்சி டேட்டா மட்டும் விழாது. நான் பொறி என்று சொன்னது இதைத்தான். இணைப்பு தொடங்கியது தெரியும், முடிந்தது தெரியும், நடுவில் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். "பயன்பாடு சும்மா இருக்கிறது" என்று அறிக்கை எழுதுவதற்கு முன், அந்த இணைப்பு எஸ்எம்சியா என்று நெட்ஸ்டாட் ஆலில் பார்த்துவிடுங்கள். எஸ்எம்சிக்கு மாறினால் பலன் கிடைக்குமா என்று முன்கூட்டியே கணிக்கவும் இசட்/ஓஎஸ்ஸிலேயே எஸ்எம்கேட் என்ற சோதனை இருக்கிறது. ஐபி முகவரிகளைக் கொடுத்து சில மணி நேரம் ஓடவிட்டால், அவற்றோடான டிசிபி போக்குவரத்தில் எத்தனை சதவீதம் எஸ்எம்சிக்குத் தகுதி என்று சொல்லும்.

லோடு ஏற்றிப் பார்ப்பது

புதுக் கார்டு வந்திருக்கிறது, எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் எல்பார் என்றால் ஐபெர்ஃப், யுபெர்ஃப் போன்றவை இருக்கின்றன. இசட்/ஓஎஸ்ஸில் அவசரத்துக்குக் கைகொடுப்பது எஃப்டிபி. பரிமாற்றம் முடிந்ததும் எத்தனை பைட், எத்தனை விநாடி, நொடிக்கு எத்தனை கிலோபைட் என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் அந்த எண்ணில் இருபக்கத்து டிஸ்க்கின் வேகமும் கலந்திருக்கும். இசட்/ஓஎஸ் சர்வருக்கு அனுப்பும்போது ஃபைல் பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறியோடு டெவ் புள்ளி நல் என்று கொடுத்தால், வாங்கும் பக்கம் டேட்டாவை டிஸ்க்கில் எழுதாமல் வாங்கி வீசிவிடும். நிஜ ஃபைலுக்கு ஒரு தடவை, இதற்கு ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள். இரண்டாவது மிக வேகம் என்றால் உங்கள் சிக்கல் டிஸ்க்கில் இருக்கிறது, லேனில் இல்லை.

ஐபிஎம் தன் அளவீடுகளுக்கு ஏடபிள்யூஎம் என்ற லோடு கருவியைப் பயன்படுத்துகிறது. அதில் சின்னக் கேள்வி, சின்னப் பதில் என்ற வகை வேலையையும் பெரிய ஓட்டத்தையும் தனித்தனியாகவே அளப்பார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஜம்போ ஃபிரேம் பெரிய ஃபைலுக்கு வேண்டிய பாக்கெட்டுகளை ஆறில் ஒரு பங்காகக் குறைக்கும், நூறு பைட் ஏடிஎம் கேள்விக்கு ஒரு பயனும் தராது.

ஓமெகமான், நெட்மாஸ்டர் போன்ற விலைகொடுத்து வாங்கும் மானிட்டர்களைப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல திரை, நல்ல எச்சரிக்கை, வரலாற்றுக் கிராஃப் எல்லாம் கொடுக்கும். இருபது எல்பார்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டிய இடத்துக்கு அவை தேவைதான். ஆனால் அவை காட்டும் எண்களில் பெரும்பாலானவை நெட்ஸ்டாட்டும் 119 பதிவும் எங்கிருந்து பிறக்கின்றனவோ அதே டிசிபி/ஐபி அடுக்கிலிருந்து வருபவை. மானிட்டருக்குக் காசு கேட்டு மேலதிகாரிக்கு மெயில் போடும் முன், உங்கள் டிசிபி/ஐபி ப்ரொஃபைலைத் திறந்து எஸ்எம்எஃப்கான்ஃபிக் வரியில் டைப் 119-இன் இடைவெளிப் பதிவுகள் இயக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மாற்ற நேரத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். எல்லாம் நன்றாக ஓடும் ஒரு சாதாரண வேலைநாளில் நெட்ஸ்டாட் வெளியீட்டை எடுத்து ஒரு டேட்டாசெட்டில் பத்திரப்படுத்தியும் வையுங்கள். அடுத்த புகார் வரும்போது ஒப்பிட அதுதான் வேண்டும்.